பிளைவுட் பலகை: பார்த்து வாங்குங்க!



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை பெரிய முதலியார்சாவடிக்காரங்க மறந்திருக்க மாட்டீங்க. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுக்குள்ளும் கணுக்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால், இரண்டு வருஷம் முன்பு செய்த சமையலறை அலமாரியின் கீழ்க்கதவு புத்தகம் மாதிரி ஏடேடாகப் பிரிந்து கிடந்தது. “தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது சார்” என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். விஞ்ஞானம் படித்தவன் நானே ஏமாந்தேன்!

பிளைவுட் என்பது என்ன? மரத்துண்டைச் சுழலவிட்டுக் கத்தியால் மெல்லிய ஏடாகச் சீவுவார்கள். ஓர் ஏடு நெடுக்காக, அடுத்தது குறுக்காக வைத்துப் பசை தடவி, சூட்டில் அழுத்துவார்கள். இப்படி மாற்றி வைப்பதால்தான் பலகை எளிதில் கோணாது, வெடிக்காது. ஆக, பலகையின் ஆயுள் மரத்தில் பாதி, பசையில் பாதி.

யூரியா பார்மால்டிஹைடு பசை போட்டது எம்.ஆர். ரகம். “ஈரம் தாங்கும்” என்று பெயர் இருந்தாலும், காற்றிலுள்ள ஈரத்தைத்தான் தாங்கும். தேங்கிய தண்ணீரைத் தாங்காது. நான் வாங்கியது இதுதான். பீனால் பார்மால்டிஹைடு பசை போட்டது தண்ணீரைத் தாங்கும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் விலை கூடியதை வாங்கணுமா? வேண்டாம். தண்ணீர் படாத மேல்தட்டு, பரண், கட்டில் பலகைக்கு எம்.ஆர். போதும். சமையலறை, குளியலறை, தரையை ஒட்டிய இடங்களுக்கு மட்டும் 710 போடுங்க.

கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் எண்ணையும் நீங்களே படிச்சுப் பாருங்க. விளிம்பில் ஏடுகளுக்கு நடுவே சந்து இருந்தால் வாங்காதீங்க. ஒரு கைத்துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் நாலைந்து மணி நேரம் கொதிக்க வைங்க. பிரிந்தால் அது தண்ணீருக்கு ஆகாத பலகை.

நம்ம கடற்கரைக்கு இன்னொரு விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் உப்புச் சாடி கசியுது இல்லையா? அதேபோல உப்புக் காற்று படிகிற இடமெல்லாம் ஈரம் இழுக்கும். இரும்பு ஆணி துருப்பிடித்துப் பிடி விட்டுப்போகும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு திருகாணி போடச் சொல்லுங்க. பலகை தண்ணீர் குடிப்பது வெட்டிய விளிம்பு வழியாகத்தான். ஆகவே நாலு விளிம்புக்கும் பிரைமரும் பெயிண்டும் இரண்டு கை பூசணும். அலமாரியைத் தரைமேல் வைக்காமல், அரை அடி செங்கல் மேடை கட்டி அதன்மேல் வைங்க. கரையானும் வந்தால் கண்ணில் படும்.

இன்னொன்று: பிளைவுட்டுக்கு மரம் கொடுப்பவரும் விவசாயிதான். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி பரப்பிவரும் மலைவேம்பு இதற்கு ஏற்றது. பக்கக் கிளைகளை இளசிலேயே கவாத்து செய்யணும். கணு இருந்தால் ஏட்டில் ஓட்டை விழும். ஆனால் தண்ணீர் தேங்கும் நிலத்துக்கும் உப்பு நிலத்துக்கும் மலைவேம்பு சரிப்படாது; உப்பு நிலத்துக்குச் சவுக்கு நல்லது. மேட்டு நிலம் உள்ளவர்கள்கூட, வாங்குகிற ஆலையை விசாரித்த பிறகே நாற்று நடுங்க.

நான் ஓர் அலமாரியைப் பறிகொடுத்துப் படித்த பாடம், உங்களுக்கு ஒரு கைத்துண்டோடு முடியட்டும்.