தேன்பூச்சியும் இடம்பெயரும்

கல்முனைக்குடியில் ஒரு வளவு. தென்னை நிழலில் நான்கு கால்களின்மேல் ஒரு தேன்பெட்டி. காலை ஒன்பது மணிக்குச் சென்ற நாம் மூடியில் கை வைக்கப் போனோம்.

"பொறுங்க, முதல்ல வாசலப் பாருங்க" என்றார் வீட்டுக்கார ராத்தா.

அவர் சொன்னது சரி. கூட்டின் நலத்தைப் பாதி வாசலிலேயே அறியலாம். பூச்சிகள் கால்களில் மஞ்சள் மகரந்தம் சுமந்து வந்தால், உள்ளே இராணி முட்டையிடுகிறது, புழுக்கள் வளர்கின்றன என்று பொருள். வாசலடியில் செத்த புழுக்கள் கிடந்தால் நோய். மெழுகுத் தூளும் நூல்வலையும் கண்டால் மெழுகு அந்துப்பூச்சி புகுந்துவிட்டது.

பிறகு பொச்சுமட்டைப் புகையைச் சிறிதளவு காட்டி, மூடியை மெதுவாகத் திறந்தோம். சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, சூரியன் முதுகுப்புறம் இருக்க, வதையைப் பார்த்தோம். இராணியைத் தேடி அலையத் தேவையில்லை. அறைக்கு ஒரு முட்டை, அடியில் நட்ட அரிசி போல நின்றால் இராணி இருக்கிறது. ஒரே அறையில் பல முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால், இராணி இல்லாத கூட்டில் வேலைக்காரப் பூச்சிகளே முட்டையிடுகின்றன என்று ஐயுற வேண்டும். புழுக்கள் முத்துப்போல வெண்மையாக, வளைந்து கிடக்க வேண்டும். அறையில் நீட்டி நிமிர்ந்து, நீர் நிறைந்த பை போலச் செத்துக் கிடந்தால் அது பைப்புழு நோய்.

இந்நோயை இலேசாக எண்ணக்கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனீ வளர்ப்புக்குப் பேர்போன ஊர். அங்கு வை.எம்.சி.ஏ.யின் கிராமிய நிலையம் இத்தொழிலை ஏழை விவசாயிகளுக்குக் கற்பித்தது. 1991-92 இல் தென்னிந்தியாவெங்கும் பரவிய பைப்புழு வைரசு அங்கும் கூடுகளில் பெரும்பகுதியை அழித்தது. தப்பிப் பிழைத்த வலுவான கூடுகளிலிருந்தே தொழில் மீண்டது. நம் நாட்டில் பெட்டியில் வளர்வதும் அதே இனத் தேனீதான். வைரசுக்கு மருந்து இல்லை; கட்டுப்பாடே மருந்து. நோயுற்ற கூட்டின் சட்டத்தை வேறு கூட்டில் வைக்காதீர்கள். அடுத்த பெட்டியைத் தொடுமுன் கையையும் கத்தியையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். இந்நோய் மனிதரைத் தொற்றாது.

இத்தேனீக்கு இன்னொரு குணம் உண்டு. எறும்புத் தொல்லை, பட்டினி, அந்துப்பூச்சி, அடிக்கடி திறந்து பார்ப்பது ஆகியவற்றால் மனம் வெறுத்தால், கூட்டோடு பறந்துவிடும். இடம்பெயர்ந்தவர்களுக்கு இது புரியும்! ஆகையால் பெட்டிக் கால்களைத் தண்ணீர்ப் பேணிகளில் நிறுத்துங்கள். பூச்சி மூடாத பழைய வதைகளை அகற்றுங்கள். மாரி மழையில் பூ கிடைக்காத நாட்களில் சீனியும் தண்ணீரும் சம அளவு கலந்து, மாலையில் உள்ளே வையுங்கள். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வீடிழந்தோர் பலர் வாழும் ஊர் இது. காணி உறுதி கையில் இல்லாதவரும் தேன் வளர்க்கலாம். பூச்சி அயலாரின் தென்னையிலும் மேயும். நாம் வேறிடம் போக நேர்ந்தால் பெட்டியும் கூடவே வரும். பூச்சிகள் அடங்கிய பின் வாசலை வலையால் அடைத்து, இரவில் குலுக்காமல் கொண்டுசெல்லுங்கள். புதிய இடம் இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பது நல்லது. கிட்ட வைத்தால் பூச்சிகள் பழைய இடத்துக்கே திரும்பும்.

மூடியை மூடியபோது ராத்தாவிடம், "தேன் எப்போது எடுப்பீர்கள்?" என்று கேட்டோம்.

"மழைக்கு அதுக்குத் தீன் இருக்கான்னு பார்த்த பிறகுதான்" என்றார்.

நாமும் அவ்வாறே செய்வோம். முதல் பங்கு பூச்சிக்கு, மிஞ்சியது நமக்கு.