ஏரியில் படகு சவாரி: டிக்கெட் கொடுப்பது ஒருத்தர்... விபத்து நடந்தா பொறுப்பு யாருக்கு?

லீவு விட்டாச்சு. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, முட்டுக்காடு என்று எங்கே போனாலும் பிள்ளைகள் முதலில் கேட்பது படகு சவாரிதான். நாமும் கவுன்டரில் டிக்கெட் வாங்குகிறோம், ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்கிறோம், ஏறி உட்கார்கிறோம். அந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம்னு முடிவு செஞ்சது யார்? கடைசியா அதை சோதிச்சது யார்? படகு ஓட்டுபவருக்கு சான்றிதழ் இருக்கா? இதையெல்லாம் பெரும்பாலும் நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர்களாவது கேட்கிறார்களா என்பதுதான் இந்தக் கட்டுரை.

வடோதராவில் என்ன நடந்தது?

2024 ஜனவரி 18. குஜராத் மாநிலம் வடோதராவில் உள்ள ஹர்ணி ஏரிக்கு ஒரு தனியார் பள்ளி மாணவர்கள் சுற்றுலா வந்தார்கள். மாலையில் படகு சவாரி. சுமார் 14 பேர் போகக்கூடிய படகில் மாணவர்களும் ஆசிரியர்களுமாக 27 பேர் ஏற்றப்பட்டதாக அப்போது தெரிவிக்கப்பட்டது. படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். பத்து மாணவர்கள் மட்டுமே லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தார்கள் என்று மாநில அமைச்சர் சொன்னார்.

அது நடுக்கடலோ, வெள்ளம் ஓடும் ஆறோ இல்லை. நகரத்துக்குள் இருக்கிற, சுற்றிலும் நடைபாதையும் விளையாட்டு வசதிகளும் செய்யப்பட்ட ஏரி. அதன் பொறுப்பு வடோதரா மாநகராட்சியுடையது. ஏரிப் பகுதியை மேம்படுத்தி நடத்தும் வேலையை பொது-தனியார் கூட்டு முறையில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 2017-ல் மாநகராட்சி கொடுத்திருந்தது. அந்த நிறுவனமும் படகு ஓட்டும் வேலையை வேறு ஆட்களிடம் உள்குத்தகைக்கு விட்டிருந்தது போலீஸ் விசாரணையில் தெரிய வந்தது.

இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் கவனிங்க. மாநகராட்சி, அதுக்குக் கீழே ஒப்பந்த நிறுவனம், அதுக்குக் கீழே உள்குத்தகைக்காரர், கடைசியில் தினக்கூலிக்கு படகு ஓட்டுபவர். ஒவ்வொரு படி இறங்கும்போதும் "பாதுகாப்பு மேலே இருக்கிறவங்க பொறுப்பு" என்று சொல்லிக்கொள்ள முடியும். மேலே இருப்பவர்களோ "அது கீழே நடத்துறவங்க வேலை" என்று சொல்வார்கள்.

குஜராத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதிமன்றம் படகோட்டியோடு நிற்காமல், ஒப்பந்தம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதிலிருந்து கேட்க ஆரம்பித்தது. முதல் முறை விண்ணப்பம் கோரியபோது தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்ட அதே நிறுவனத்துக்கு, அடுத்த சுற்றில் ஒப்பந்தம் போனது எப்படி என்று கேட்டது. அப்போது மாநகராட்சி ஆணையர்களாக இருந்தவர்களின் பங்கும் கேள்விக்குள்ளானது. விபத்து நடந்தது 2024-ல் என்றாலும், அதற்கான கோளாறு டெண்டர் ஃபைலில் பல வருஷம் முன்பே இருந்தது என்பதுதான் அந்த வழக்கு நமக்குக் காட்டுவது.

"பசங்கதானே, வெயிட் கம்மி"

அதிக ஆட்களை ஏற்றும்போது எல்லா இடத்திலும் சொல்லப்படுகிற சமாதானம் இது. 14 பெரியவர்கள் எடைக்கு 25 குழந்தைகள் சமம்தானே என்கிற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் படகு எடையைச் சுமப்பதோடு சேர்த்து, சாயாமல் நிற்கவும் வேண்டும்.

தண்ணீர் மட்டத்துக்கு மேலே படகின் விளிம்பு எவ்வளவு உயரம் தெரிகிறதோ, அதுதான் அதன் பாதுகாப்பு இடைவெளி. ஆள் ஏற ஏற அந்த இடைவெளி குறையும். அப்போது ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாலே தண்ணீர் உள்ளே வரும். உள்ளே வந்த தண்ணீர் சாய்ந்த பக்கமாகவே ஓடும், படகு இன்னும் சாயும். இருக்கை இல்லாமல் நிற்பவர்கள் இருந்தால் எடையின் மையம் மேலே போகும், ஆட்டம் அதிகமாகும். குழந்தைகள் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள் என்பதை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் பலருக்கு நினைவிருக்கும் தேக்கடி விபத்தும் இப்படித்தான். 2009 செப்டம்பர் 30, 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு. கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது, அதுவும் புதுப் படகு. கரையில் விலங்குகளைப் பார்க்க பயணிகள் ஒரே பக்கமாகப் போனதும் படகு சாய்ந்தது என்று சொல்லப்பட்டது. 45 பேர் இறந்தார்கள். அரசு நடத்தினால் பாதுகாப்பு, தனியார் என்றால் ஆபத்து என்று நினைத்துக்கொள்ளவும் முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அடுத்து தானூர். 2023 மே 7, மலப்புரம் மாவட்டம். சூரியன் மறைந்த பிறகு கிளம்பிய இரண்டடுக்கு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அதில் 11 பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அது மீன்பிடிப் படகை உருமாற்றிச் செய்த படகு என்பது பின்னால் வெளியே வந்தது. உரிமையாளர் மட்டுமல்ல, படகுக்கு அனுமதி தொடர்பான விவகாரத்தில் துறைமுகத் துறை அதிகாரிகள் இரண்டு பேரும் கைது செய்யப்பட்டார்கள். அதாவது, பேப்பரில் சோதனை என்று ஒன்று இருந்தது. தண்ணீரில் மிதந்தது வேறு.

சட்டம் என்ன சொல்லுது?

ரொம்ப காலத்துக்கு நம்மிடம் இருந்தது 1917-ம் வருஷத்து உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம். நீராவிப் படகுகளை மனதில் வைத்து பிரிட்டிஷ் காலத்தில் எழுதப்பட்டது. அதற்குப் பதிலாக 2021-ல் புதிய சட்டம் நிறைவேற்றப்பட்டு, 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆறு, ஏரி, கால்வாய், காயல் எல்லாம் இதற்குள் வரும்.

இன்ஜின் உள்ள படகு என்றால் ஆய்வுச் சான்று வேண்டும், பதிவு வேண்டும், காப்பீடு வேண்டும், ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று வேண்டும். ஆய்வு செய்யும் சர்வேயர்தான் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதுவார். படகு விடுபவரோ டிக்கெட் கவுன்டரோ அந்த எண்ணிக்கையை மாற்ற முடியாது.

சரி, இன்ஜின் இல்லாத படகுகள்? பெடல் போட், துடுப்புப் படகு, பரிசல்? சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு விடப்படுவதில் பெரும்பகுதி இவைதான். இவற்றை மாவட்டம், தாலுகா, ஊராட்சி, கிராம அளவில் பதிந்து வைக்க ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை புதிய சட்டம் மாநில அரசுக்குக் கொடுக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளிடம் அந்த வேலையை ஒப்படைக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் நம்ம ஊராட்சி அலுவலகத்தையோ நகராட்சியையோ நினைத்துப் பாருங்க. ரோடு போட, வாய்க்கால் கட்ட, குடிநீருக்குப் பொறியாளர் இருப்பார். படகைப் பார்த்து "இது தாங்கும், இது தாங்காது" என்று சொல்ல ஆள் இருப்பாரா? ஆள் இல்லாமல் அதிகாரத்தை மட்டும் கொடுத்தால், பதிவேடு இருக்கும், சோதனை இருக்காது.

இதுதவிர, தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் படகுப் பாதுகாப்புக்கென்றே தனி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அது வந்தது 2017-ல். ஹர்ணி விபத்துக்கு ஆறு வருஷத்துக்கு முன்னாடி.

ஒகேனக்கல் பரிசல்

உள்ளாட்சி மேற்பார்வைக்கு நம்ம ஊரிலேயே பழைய உதாரணம் ஒகேனக்கல். அங்கே பரிசல் சவாரி உள்ளூர் நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் நடக்கிறது. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். காவிரியில் தண்ணீர் கூடினால் மாவட்ட ஆட்சியர் பரிசல் இயக்கத் தடை போடுவார். தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. அந்த அளவு ஏறும்போது தடை வரும், இறங்கினால் தடை நீங்கும். ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழையின்போதும் "ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை" என்ற செய்தியை நாம் படிப்பது இதனால்தான்.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. முடிவு ஓர் எண்ணைப் பார்த்து எடுக்கப்படுகிறது, எடுப்பவர் டிக்கெட் விற்பவர் இல்லை. அங்கே ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. முன்பு உயிர்ப்பலி நடந்த இடம்தான். ஆனால் "இன்னைக்கு கூட்டம் நல்லா இருக்கு, ஓட்டிடலாம்" என்று படகு விடுபவரே முடிவு செய்ய முடியாத மாதிரி ஒரு கதவு அங்கே இருக்கிறது. பரிசல் ஓட்டிகளுக்கு தடை நாட்களில் வருமானம் போகும். அது தனிப் பிரச்னை, அதற்கும் பதில் தேவை.

ஏரிகளில் இப்படி ஓர் எண் கிடையாது. காற்று வேகமா, நேரமா, ஆள் எண்ணிக்கையா, எதைப் பார்த்து நிறுத்துவது என்பது பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பவர் கையில் விடப்படுகிறது.

வாங்குவதும் அவங்க, கண்காணிப்பதும் அவங்க

மேற்பார்வையில் இருக்கும் பெரிய சிக்கல் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஏரியைக் குத்தகைக்கு விடும் உள்ளாட்சி அமைப்புக்கு அதிலிருந்து வருமானம் வருகிறது. அதே அமைப்புதான் ஒப்பந்தக்காரரைக் கண்காணிக்க வேண்டும். ஒரு நாள் படகு நின்றால் ஒப்பந்தக்காரருக்கு நஷ்டம், அவர் குத்தகைத் தொகையில் தள்ளுபடி கேட்பார். அப்புறம் யார் நிறுத்தச் சொல்வார்கள்?

இன்னொன்று, ஒரே தண்ணீரில் பல கைகள். கொடைக்கானல் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நகராட்சி, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், பழைய படகு குழாம் என்று வெவ்வேறு தரப்பினர் அங்கே படகு விட்டிருக்கிறார்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கு பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகு விடுகிறது. ஊருக்கு ஊர் நடத்துபவர் மாறுகிறார். வெளியூரிலிருந்து வரும் குடும்பத்துக்கு யாரிடம் புகார் சொல்வது என்றே தெரியாது.

மெரினான்னா பீச் இல்லையா?

நமக்கு மெரினா என்றால் சுண்டலும் காற்றும்தான். ஆனால் படகுத் தொழிலில் மெரினா என்பது உல்லாசப் படகுகளைக் கட்டி நிறுத்தி, எரிபொருள், தண்ணீர், பழுதுபார்ப்பு எல்லாம் கொடுக்கிற துறை. கொச்சி போல்காட்டி தீவில் அப்படி ஒன்று இருக்கிறது, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது.

இப்படி ஒன்றைக் கட்ட வேண்டுமானால் பாதுகாப்போடு சுற்றுச்சூழல் விதிகளும் வரும். கடலோரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி. உள்நாட்டு நீர்நிலை என்றால் 2017 ஈரநில விதிகள். அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தின் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்று அந்த விதி சொல்கிறது, ஆனால் படகுத்துறைக்கு மட்டும் விலக்கு. இந்த விலக்கு சின்ன வாக்கியம்தான். படகுத்துறை என்று ஆரம்பித்து டிக்கெட் கூடம், உணவகம், பார்க்கிங் என்று வளர்ந்தால் அது விலக்குக்குள் வராது. அந்த வரைபடத்தை உள்ளாட்சி அமைப்பு கூர்ந்து பார்க்க வேண்டியது இங்கேதான்.

நீங்க ஏறும்போது

படகில் ஏற்றும் எண்ணிக்கையும் பதிவு எண்ணும் கண்ணில் படுகிற மாதிரி எழுதியிருக்கிறதா பாருங்க. இல்லையென்றால் கேளுங்க. நேரமாகிவிட்டது, இருட்டுகிறது என்றால் காசு போனாலும் பரவாயில்லை, ஏற வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டில் நாம் செய்கிற பெரிய தப்பு, மாட்டிவிட்டு பட்டையைக் கட்டாமல் விடுவது. போட்டோவுக்கு அழகாக இருக்கும், தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே போவார். குழந்தைக்கு மாட்டிய பிறகு தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்க. ஜாக்கெட் காதைத் தாண்டி ஏறினால் அது பெரியவர்கள் சைஸ், வேறு கேளுங்க. குழந்தை சைஸ் இல்லை என்று சொன்னால், குழந்தையை ஏற்றக் கூடாது.

உங்க ஊர் ஏரியில் படகு விடுவது நகராட்சியோ ஊராட்சியோ என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். படகு ஒப்பந்தத்தின் நகல், ஒவ்வொரு படகின் கடைசி ஆய்வுச் சான்றும் தேதியும், காப்பீட்டுப் பத்திரம், உள்குத்தகைக்கு அனுமதி உண்டா இல்லையா என்ற விவரம். இவ்வளவு கேட்டால் போதும். "அப்படி ஒரு ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால், அதையே மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம்.