விமானியின் மணிக்கூடு
இரண்டாம் உலகப் போர்க்காலம்

முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள்: 60 செக்கன் கோடுகள். வானொலியில் நேரச் சமிக்ஞை ஒலித்ததும், ஓடுகிற செக்கன் முள்ளுக்கு நேரே வளையத்தின் 60ஐத் திருப்பி, பக்கத்திலுள்ள இரண்டாவது திருகால் இறுக்கிவிடுவார்கள். முள்ளை நிறுத்தத் தேவையில்லை. அமெரிக்கக் கடற்படை அதிகாரி வீம்ஸின் யோசனை இது. பிரித்தானிய வான்படைக்காக 1940இல் ஒமேகா செய்துகொடுத்தது.

செக்கனுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? 4 செக்கனில் பூமி சுழலும் தூரம், யாழ்ப்பாணத்தின் அகலக்கோட்டில் ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர். செக்ஸ்டன்ட் கருவியால் நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து தன் இருப்பிடத்தைக் கணிப்பவரின் மணிக்கூடு ஒரு நிமிடம் பிசகினால் கணக்கு 27 கிலோமீற்றர் தள்ளிப் போகும். தட்டையான யாழ்ப்பாணக் குடாநாடு இரவில் கண்ணில் படவே படாது.

பலாலி ஓடுபாதை அன்று வான்படையின் காங்கேசன்துறை நிலையம். 1944இல் 160ஆம் அணியின் லிபரேட்டர் விமானங்கள் இங்கிருந்து வங்காள விரிகுடாவுக்கு மேலே நீண்ட தூரம் பறந்தன. கடலில் அடையாளத்துக்கு ஒரு பனைகூட இல்லை. விமானியின் மணிக்கூடு என்பது பெயர்தான். அதை வைத்துக் கணக்குப் போட்டவர் பெரும்பாலும் வழிகணிப்பாளர்.