ஈ 920: ஹலாலா, ஹராமா என்பதை இலக்கம் சொல்லாது

புறக்கோட்டையில் பேக்கரிச் சாமான்கள் விற்கும் நண்பர் ஒருவர் பிரெட் இம்ப்ரூவர் பக்கற் ஒன்றைக் காட்டி, “நானா, இந்த ஈ 920 என்ன சாமான்?” என்று என்னிடம் கேட்டார். அது எல்-சிஸ்டீன். கந்தகம் கலந்த அமினோ அமிலம். நமது உடலும் இதனைத் தானே தயாரித்துக் கொள்கிறது. மாவிலுள்ள குளூட்டனின் பிணைப்புக்களைத் தளர்த்துவதால் மா சீக்கிரம் குழையும், இழுத்தால் சுருங்காது. அதனால்தான் பாண், பிஸ்கட், பீட்ஸா தயாரிப்பாளர்கள் இதனை விரும்புகின்றனர். ஒரு கிலோ மாவுக்கு மில்லிகிராம் கணக்கில்தான் தேவைப்படும்.

பிரச்சினை அது பெறப்படும் இடத்தில் இருக்கிறது. மனித முடி, வாத்து இறகு, கோழி இறகு ஆகியவற்றை அமிலத்தில் கரைத்து எடுப்பது பழைய முறை. மனித முடியிலிருந்து பெறப்பட்டதை உணவில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியமே தடை விதித்துள்ளது. மனித உடலின் கண்ணியம் கருதி உலமாக்கள் பலரும் அதனை அனுமதிப்பதில்லை. இறகு விடயத்தில் ஷாபிஈ மத்ஹபின்படி, முறையாக அறுக்கப்படாத பறவையின் இறகு நஜீஸ். ஹனபி மத்ஹபில் அப்படியல்ல. ஜேர்மனியின் வாக்கர் நிறுவனம் போன்றவை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதித்தல் முறையில் தயாரிக்கின்றன. விலை சற்றுக் கூடினாலும் நான் சிபாரிசு செய்வது இதனைத்தான். எந்த வகையானாலும் பக்கற்றில் ஒரே இலக்கம்தான் இருக்கும். எனவே மூலப்பொருள் என்னவென்று உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹலால் சான்றிதழ் இருந்தால் அது அந்தத் தொகுதிக்கு உரியதா, காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

இதன் இன்னொரு வடிவமான அசிற்றைல்சிஸ்டீன் பாமசிகளில் இருக்கிறது. சளியை இளக்கும். பரசிட்டமோல் அளவுக்கு மீறி உட்கொண்டவரின் ஈரலைக் காப்பாற்ற வைத்தியசாலைகளில் கொடுக்கப்படுவதும் இதுவே. ஈரலில் குறைந்துபோகும் குளூட்டத்தியோனை உடல் மீண்டும் தயாரிக்க இது உதவுகிறது. இவை நிரூபிக்கப்பட்ட பயன்கள். நிறத்தை வெள்ளையாக்கும், முதுமையைத் தடுக்கும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. ஆஸ்துமா உள்ளவர்களும், நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் பாவிப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் இதனை எடுக்கக் கூடாது. கடைக்கு வருபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

சப்ளிமென்ட் இறக்குமதி செய்யும் சகோதரர்களுக்கு இன்னொன்று: மருந்துப் பயன் கூறி விற்கும்போது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் குறுக்கே வரலாம், ஓடர் கொடுக்க முன்னர் விசாரியுங்கள். உள்ளே இருக்கும் தூள் நொதித்தல் முறையில் வந்ததாக இருந்தாலும், கெப்சியூல் கூடு ஜெலட்டினா, தாவர வகையா என்று தனியாகக் கேட்க வேண்டும்.