நீர்க்கடுப்பு: மறைக்க வேண்டாத நோய்

தலைவலி என்றால் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம். காய்ச்சல் என்றால் அண்டை வீட்டாரும் வந்து விசாரித்துப் போகின்றனர். ஆனால் சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்பதை மட்டும் மகள் தாயிடமும், மனைவி கணவனிடமும் சொல்லக் கூசுகின்றனர். நான்கு நாள் பொறுத்துப் பார்ப்பர். ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டு படுத்த பின்னரே டாக்டரிடம் செல்வர். எளிதில் தீரக்கூடிய ஒரு நோய், இந்தக் கூச்சத்தினாலேயே சிறுநீரகம் வரை சென்று தாக்கிவிடுகிறது. ஆகவே குடும்பத்தார் அனைவரும், குறிப்பாகத் தாய்மார்கள், இந்நோயைப் பற்றித் தெளிவாக அறிந்திருத்தல் நன்று.

சிறுநீர் செல்லும் பாதை

நம் இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இரு புறமும் அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவே இருக்கும். எடை ஏறத்தாழ 150 கிராம். ஆயினும் இவை இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் பெரும்பகுதியை மீண்டும் உடலுக்கே திருப்பித் தந்து, எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அச்சிறுநீர் இரண்டு மெல்லிய குழாய்களின் வழியாகக் கீழிறங்கிச் சிறுநீர்ப்பையில் தேங்குகிறது. பை நிரம்பியதும் சிறுநீர்த்தாரை வழியாக வெளியேறுகிறது.

இப்பாதையில் எவ்விடத்திலேனும் நோய்க்கிருமி புகுந்து பெருகுவதையே சிறுநீர்ப்பாதைத் தொற்று என்கிறோம். கிருமி சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்டால் அது எளிய நோய். குழாய்கள் வழியே மேலேறிச் சிறுநீரகத்தை அடைந்துவிட்டால் அது கடுமையான நோய்.

கிருமி வருவது எங்கிருந்து?

இத்தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் 'ஈ. கோலை' என்னும் ஒரு பாக்டீரியாவே. ஜெர்மனியைச் சேர்ந்த தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலில் விவரித்தார். அவர் பெயராலேயே இக்கிருமி இன்றும் வழங்கப்படுகிறது. இது நம் ஒவ்வொருவர் குடலிலும் இயல்பாக வாழ்வது. அங்கிருக்கும்வரை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. மலவாயின் அருகிலுள்ள தோலிலிருந்து சிறுநீர்த்தாரைக்குள் இடம் மாறும்போதுதான் நோயை விளைவிக்கிறது. கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் முதலிய வேறு சில கிருமிகளும் உண்டு.

ஈ. கோலை கிருமியின் உடலைச் சுற்றி மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு அது சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது. வசதியான சூழலில் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்து பெருகவல்லது. அக்கணக்கின்படி ஒரே ஒரு கிருமி ஐந்து மணி நேரத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும். சிறுநீரில் எப்போதும் அத்தனை வேகம் இராது எனினும், சிறுநீரைப் பல மணி நேரம் அடக்கி வைப்பது ஏன் தீது என்பது இதனால் விளங்கும். அவ்வப்போது வெளியேறும் சிறுநீரே பாதையைக் கழுவிவிடும் இயற்கையான காவல். அதைத் தடுப்பவர்கள் கிருமி பெருகுவதற்கு நேரம் கொடுக்கிறார்கள்.

பெண்களுக்கு ஏன் மிகுதி?

பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்று வருகிறது. இதற்கு அடிப்படைக் காரணம் உடலமைப்பே. ஆணின் சிறுநீர்த்தாரை சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுடையது. பெண்ணுக்கு அது 4 சென்டிமீட்டரே. மலவாயும் மிக அருகில் உள்ளது. ஆகவே கிருமி செல்லவேண்டிய தொலைவு மிகக் குறைவு.

திருமணமான புதிதில் சில பெண்களுக்கு இந்நோய் அடிக்கடி வருவதுண்டு. தாம்பத்திய உறவின்போது அருகிலுள்ள கிருமிகள் சிறுநீர்த்தாரைக்குள் தள்ளப்படுவதே காரணம். இதனை அறியாமல் கணவன் மனைவியையோ, மனைவி கணவனையோ ஐயுறுவதும், மாமியார் முகம் சுளிப்பதும் சில இல்லங்களில் நிகழ்கின்றன. இது ஒழுக்கக்கேட்டினால் வருவதன்று. பெண்ணின் சொந்தக் குடலில் வாழும் கிருமியே இடம் மாறியிருக்கிறது. உறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிடுவது ஓரளவு பாதுகாப்பளிக்கும். ஆனால் ஆணுக்குச் சிறுநீர்த்தாரையில் சீழ் வடிதல், பெண்ணுக்குத் துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் போன்றவை வேறு நோய்களின் அடையாளமாகலாம். அப்போது டாக்டரிடம் மறைக்காமல் கூறுதல் வேண்டும். தேவையானால் கணவன், மனைவி இருவருமே சிகிச்சை பெறவேண்டும்.

மாதவிலக்கு நின்ற பின்னர் உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது. அதனால் பிறப்புறுப்பைக் காத்துவந்த நல்ல நுண்ணுயிர்களும் குறைந்து, முதிய பெண்களுக்கு இத்தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. இதற்குத் தக்க சிகிச்சை உண்டு என்பதால் வயதின் குறையென்று சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சூடா? கிருமியா?

கோடைக்காலத்தில் நீர் போதிய அளவு அருந்தாமல் வெயிலில் உழைப்போருக்குச் சிறுநீர் அடர்ந்து, மஞ்சள் நிறமாகிச் சற்று எரிவதுண்டு. இதையே நம் மக்கள் 'உடல் சூடு' என்பர். இரண்டு மூன்று செம்பு நீர் அருந்தியதும் இந்த எரிச்சல் தணிந்துவிடும். ஆனால் நீர் அருந்தியும் எரிச்சல் நிற்கவில்லை, அடிக்கடி சிறுநீர் வருவதுபோல் தோன்றிச் சொட்டுச் சொட்டாகப் போகிறது, அடிவயிறு வலிக்கிறது, சிறுநீர் கலங்கியோ இரத்தம் கலந்தோ வருகிறது என்றால் அது சூடு அன்று, கிருமியின் வேலை.

கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவதும், தொப்புளில் விளக்கெண்ணெய் இடுவதும் கிருமியைக் கொல்லா. பார்லிக் கஞ்சியும் மோரும் இளநீரும் உடலுக்கு நீர் சேர்க்கும் அளவில் நல்லவையே, அவையே மருந்தாகிவிடா. சிறுநீரகம் பழுதுற்றவர்கள் டாக்டரைக் கேளாமல் இளநீர் அருந்தலாகாது. அதிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்பு அவர்களுக்குத் தீங்கு விளைவிக்கும்.

அபாய அறிகுறிகள்

நடுக்கத்துடன் கூடிய காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப்புறத்தில் ஒரு பக்கமாக வலி, குமட்டல், வாந்தி ஆகியவை தோன்றினால் கிருமி சிறுநீரகத்தை எட்டிவிட்டது எனக் கொள்ளவேண்டும். அன்றே டாக்டரைக் காணல் அவசியம். காலம் தாழ்த்தினால் கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

தனிக்கவனம் தேவைப்படுவோர்

கர்ப்பிணிகள்: கருவுற்ற காலத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து விரிவதாலும், வளரும் கருப்பை அழுத்துவதாலும் சிறுநீர் தேங்குகிறது. எரிச்சலோ வலியோ இன்றியே கிருமி இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடித்துத் தீர்க்காவிட்டால், அத்தகையோரில் நால்வரில் ஒருவர் அளவுக்குச் சிறுநீரகத் தொற்றுக்கு ஆளாகலாம். குறைமாதப் பிரசவத்திற்கும் அது வழிவகுக்கும். ஆகவே கர்ப்பிணிக்குச் சிறுநீர்ச் சோதனை வேண்டும் என்று கூறும்போது, 'எனக்கு ஒன்றுமில்லையே' என்று தட்டிக்கழித்தலாகாது.

குழந்தைகள்: கைக்குழந்தைக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது. சளியோ இருமலோ இன்றிக் காய்ச்சல் மட்டும் அடித்தால், பால் குடிக்க மறுத்தால், காரணமின்றி வாந்தி எடுத்தால் சிறுநீரைச் சோதித்தல் வேண்டும். சில குழந்தைகளுக்குச் சிறுநீர் பையிலிருந்து மேல்நோக்கித் திரும்பிச் செல்லும் குறைபாடு பிறவியிலேயே இருக்கும். கவனியாது விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்து, பிற்காலத்தில் இரத்தக் கொதிப்புக்கு அது காரணமாகலாம். நாட்பட்ட மலச்சிக்கலும் குழந்தைகளுக்கு இத்தொற்றை வரவழைக்கும்.

நீரிழிவு நோயாளிகள்: இவர்களுக்கு நரம்புத் தளர்ச்சியால் சிறுநீர்ப்பை முழுவதும் காலியாவதில்லை, கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் குறைவு. ஆகவே நோய் விரைவில் முற்றும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே இவர்களுக்கு முதல் காப்பு.

ஆண்கள்: ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர் வெளியேறுவதைத் தடுக்கிறது. இரவில் பலமுறை எழுவதும், தாரை மெலிவதும் இதன் அடையாளம். ஆணுக்கு இத்தொற்று வந்தால் கல்லோ அடைப்போ உள்ளதா என்று ஆராய்தல் அவசியம்.

முதியோர்: வயது முதிர்ந்தோர் பலருக்கு எவ்விதத் தொல்லையும் இன்றிச் சிறுநீரில் கிருமி காணப்படுவதுண்டு. அறிகுறி எதுவும் இல்லையெனில் பெரும்பாலும் அதற்கு மருந்து தேவையில்லை. சோதனைத் தாளைக் கண்டு பிள்ளைகள் பதற வேண்டாம்.

சோதனை செய்யும் முறை

சிறுநீரில் சீழ் அணுக்கள் உள்ளனவா என்று பார்ப்பது முதற்சோதனை. எந்தக் கிருமி, அதை எந்த மருந்து கொல்லும் என்று அறிவது 'கல்ச்சர்' சோதனை; இதன் முடிவு தெரிய இரண்டு, மூன்று நாளாகும். சோதனை பொய்க்காதிருக்கச் சில விதிகள் உண்டு. உறுப்பை நீரால் கழுவிக்கொண்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைத் தூய பாத்திரத்தில் பிடிக்கவேண்டும். இரண்டு மணி நேரத்திற்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்கவேண்டும். மருந்து உட்கொள்வதற்கு முன்னரே கொடுத்துவிடவேண்டும். சீழ் அணுக்கள் தொடர்ந்து காணப்பட்டும் வழக்கமான கல்ச்சரில் கிருமி எதுவும் வளராவிடில், சிறுநீரகக் காசநோயாக இருக்கக்கூடுமோ என்று டாக்டர்கள் ஆராய்வர்.

மருந்தும் அதன் ஒழுங்கும்

சிறுநீர்ப்பையில் மட்டும் உள்ள எளிய தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் ஐந்து நாளும், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் ஒரே ஒரு வேளையும் தரப்படுகின்றன. சிறுநீரகத் தொற்றுக்கு இவை போதா. ஒன்று அல்லது இரண்டு வாரச் சிகிச்சையும், சிலருக்கு மருத்துவமனையில் ஊசி மருந்தும் தேவைப்படும். கடையில் கேட்டு வாங்குவதற்காக இப்பெயர்களை இங்கே தரவில்லை. வயது, கர்ப்பம், சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றைப் பார்த்தே மருந்து முடிவு செய்யப்படும் என்பதை உணர்த்தவே குறிப்பிடுகிறோம்.

நம்மிடையே இரண்டு தீய வழக்கங்கள் வேரூன்றிவிட்டன. ஒன்று, மருந்துக் கடையில் நோயைச் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குதல். மற்றொன்று, எரிச்சல் நின்றதும் மருந்தை நிறுத்திவிட்டு, மிஞ்சியதை அடுத்த முறைக்கென்று பெட்டியில் வைத்தல். 1928-இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தை உட்கொள்வோர் கிருமியைக் கொல்லாமல் அதற்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுத்தந்துவிடுவர் என்று எச்சரித்தார். அவர் அஞ்சியது நடந்துவிட்டது. முன்பு எளிய மாத்திரைக்கு அடங்கிய ஈ. கோலை, இன்று நம் நாட்டில் பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை டாக்டரின் சீட்டு பெற்று, பதிவேட்டில் குறித்த பின்னரே விற்கவேண்டும் என்னும் விதி 2014 மார்ச் முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. விதி இருந்தும், கேட்பவர் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பயன் குறைவே.

வருமுன் காத்தல்

முதலாவது, நீர் அருந்துதல். அடிக்கடி இத்தொற்றுக்கு ஆளாகி, குறைவாக நீர் அருந்தி வந்த 140 பெண்களைக் கொண்டு நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. நாள்தோறும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் நீர் அருந்திய பாதிப் பேருக்கு, ஓராண்டில் நோய் வந்த தடவைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. செலவில்லாத மருந்து இதனினும் வேறில்லை. இதயம் அல்லது சிறுநீரகம் தளர்ந்தவர்கள் மட்டும் டாக்டர் குறித்த அளவையே அருந்தவேண்டும்.

இரண்டாவது, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழித்தல். மூன்றாவது, மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுதல். பெண் குழந்தைகளுக்குத் தாய்மார்கள் இதைச் சிறு வயதிலேயே பழக்கவேண்டும். நான்காவது, பருத்தி உள்ளாடை அணிதலும், மாதவிலக்கு நாள்களில் துணியையோ நாப்கினையோ நேரம் தவறாமல் மாற்றுதலும்.

இவையெல்லாம் தனி மனிதர் செய்யக்கூடியவை. ஆனால் பேருந்து நிலையத்தில் கால் வைக்கக் கூசும் கழிப்பிடமே இருந்தால் பயணம் செய்யும் பெண் என்ன செய்வாள்? காலையிலிருந்தே நீர் அருந்தாமல் இருந்துவிடுகிறாள். கடையில் நாள் முழுதும் நின்று விற்பனை செய்பவளும், வயலில் களை பறிப்பவளும் அவ்வாறே. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாததால், நிறைந்த தண்ணீர்ப் புட்டியை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவரும் சிறுமிகள் பலர்.

பெற்றோர்களே, இன்று மாலை உங்கள் மகள் பள்ளியிலிருந்து திரும்பியதும் அவளுடைய தண்ணீர்ப் புட்டியைத் திறந்து பாருங்கள். அது குறையாமல் இருந்தால் அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். பள்ளிக் கழிப்பறை எவ்வாறு உள்ளது என்று கேளுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுமுன் அதைப் பற்றிப் பேசுங்கள். வீட்டிலோ, எரிகிறது என்று ஒருவர் சொன்னால் நகையாமலும் ஐயுறாமலும் கேட்டு, அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.