சார்ஜ் வண்டியின் கரண்ட்டைத் தெரிந்துகொள்வோம்



நம் மாவட்டத்தில் ஓசூரில் ஏத்தர், டிவிஎஸ் கம்பெனிகளிலும், போச்சம்பள்ளி பக்கம் ஓலா கம்பெனியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. நம் பெண்கள் பலரும் அங்கே ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். குழுவில் கடன் கேட்டு அதே வண்டியை வாங்குகிறவர்களும் உண்டு. பெட்ரோல் செலவு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோல் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறோம். இந்த வண்டியைக் கரண்ட்டில் மாட்டிவிட்டுத் தூங்குகிறோம். கவனம் தேவைப்படுவது இங்கேதான்.

2022 மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வண்டியை விற்க வேண்டியதும் இல்லை. அதன் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

வண்டிக்குள் என்ன இருக்கிறது?

பேட்டரியை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் வோல்ட். குழாயில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வருகிறதோ அதுதான் ஆம்பியர். ஒரு பேட்டரியில் 48 வோல்ட், 24 ஏ.எச். என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 1152 வரும். 1000 என்பது ஒரு யூனிட். அதாவது இந்தப் பேட்டரி ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே கொள்ளும்.

லித்தியம் பேட்டரிக்குள்ளே 3 முதல் 4 வோல்ட் கொண்ட சின்னச் சின்ன செல்கள் நிறைய இருக்கும். அவற்றுக்குக் காவல்காரன் மாதிரி பி.எம்.எஸ். என்ற ஒரு பலகை இருக்கிறது. அதிகமாகச் சார்ஜ் ஏறினாலும், சூடு கூடினாலும் அது கரண்ட்டை நிறுத்தும். கண்ட்ரோலர் என்பது நாம் ஆக்சிலரேட்டர் திருகும் அளவுக்கு மோட்டாருக்குக் கரண்ட் விடும். லைட், ஹாரனுக்கு 12 வோல்ட் போதும். அதைக் குறைத்துக் கொடுக்கத் தனியாக ஒரு கன்வெர்ட்டர் உண்டு. வயர் தாங்காத அளவு கரண்ட் போனால் பியூஸ் உருகி இணைப்பை அறுத்துவிடும்.

சார்ஜர் வீட்டின் 230 வோல்ட் கரண்ட்டைப் பேட்டரிக்குத் தகுந்தபடி மாற்றித் தருகிறது. அதனால் ஒரு வண்டியின் சார்ஜர் இன்னொரு வண்டிக்கு ஆகாது. முனை பொருந்தினாலும் வோல்ட் பொருந்த வேண்டும் அல்லவா?

தீ ஏன் பிடிக்கிறது?

கீழே விழுந்தோ, தண்ணீர் புகுந்தோ, தவறான சார்ஜராலோ ஒரு செல் கெட்டுப்போனால் அது சூடாகும். அந்தச் சூடு பக்கத்து செல்லுக்குப் போகும். பிறகு அடுத்தது. இதனால்தான் அணைந்துவிட்டது என்று நினைத்த பிறகும் மறுபடி பற்றிக்கொள்கிறது. அந்தப் புகையும் விஷம்.

நாம் செய்ய வேண்டியவை

1. படுக்கும் அறையிலும், வாசலை அடைத்தும் சார்ஜ் போடாதீர்கள். லைன் வீடுகளுக்கு ஒரே கதவுதான். அங்கே தீப்பிடித்தால் வெளியே வர வழி கிடையாது. வெளியே, மழையும் வெயிலும் படாத இடமே நல்லது.

2. நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் சார்ஜ் மாட்டிவிட்டுப் படுக்காதீர்கள். ஓடிய பேட்டரி சூடாக இருக்கும். அரை மணி நேரம் ஆறட்டும். விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போட்டு, நிறைந்ததும் எடுத்துவிடுங்கள்.

3. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் நேராக மாட்டுங்கள். பிளக் கை வைக்க முடியாத அளவு சுட்டால் மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

4. பியூஸ் போனால் செம்புக் கம்பி சுற்றாதீர்கள். உருக வேண்டியது உருகாவிட்டால் வயர் எரியும்.

5. பேட்டரி உப்பினாலோ, வித்தியாசமான வாடை வந்தாலோ, அடிபட்டாலோ சார்ஜ் போடவே கூடாது. கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். தெருவோரக் கடையில் பிரித்துப் பார்க்க விடாதீர்கள்.

தீப்பிடித்துவிட்டால்?

முதலில் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். புகைக்குள் போகாமல் எட்ட முடிந்தால் மட்டும் மெயின் சுவிட்சை அணையுங்கள். கரண்ட்டில் மாட்டியிருக்கும் வண்டி மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஷாக் அடிக்கும். 101 அல்லது 112க்குப் போன் செய்து, "லித்தியம் பேட்டரி வண்டி" என்று சொல்லுங்கள். வண்டி போனால் கடனைக் கட்டி மீளலாம், உயிர் போனால் வராது. பொருளை எடுக்கத் திரும்பி உள்ளே போகாதீர்கள்.

கடன் கொடுக்கும் முன்

பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியை மத்திய அரசு 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாகக் கடுமையாக்கியது. அதற்கு முந்தைய பழைய வண்டி, விலை மலிவு என்று அத்திப்பள்ளி பக்கமிருந்தோ வேறு எங்கிருந்தோ வந்தால் யோசியுங்கள். பில், வாரண்டி கார்டு, வண்டியோடு வந்த சார்ஜர் மூன்றும் இருக்கிறதா என்று குழு பார்க்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறார்கள் என்று கேளுங்கள். வாசலில் போடுகிறவர் இருந்தால் இடம் மாற்ற எல்லோரும் சேர்ந்து வழி பாருங்கள். அதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதம் நடந்ததா என்றும் பாருங்கள்.