அரை இஞ்ச் பைப்பும் ஆறு அடுப்பும்

விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்குத் தீ ஒரே சீராக நிற்க வேண்டும். மாலையில் கூட்டம் ஏறும்போது பரோட்டாக் கல், சால்னா, பொரிக்கும் சட்டி என எல்லா அடுப்பும் ஒன்றாக எரியும். வரிசையின் கடைசி அடுப்பில் தீ சுருங்கினால் மாஸ்டர் முதலில் சிலிண்டரைத்தான் ஆட்டிப் பார்ப்பார். கேஸ் இருக்கும். பல சமயம் குறை இருப்பது குழாயில்.

ரெகுலேட்டரைத் தாண்டி வரும் அழுத்தம் 30 மில்லிபார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூட அடிக்கோல் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அழுத்தம்தான் அது, அவ்வளவு சொற்பம். அடுப்பு ஒன்று மணிக்கு 1 கிலோ கேஸ் எரிக்கட்டும். சிலிண்டருக்குள் திரவமாகக் கிடக்கும் அந்த 1 கிலோ, வாயுவானதும் அரை கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விரியும். மூன்று அடுப்புக்கு மணிக்குச் சுமார் ஒன்றரை கன மீட்டர். 15 மீட்டர் நீள அரை இஞ்ச் இரும்புக் குழாயில் அது ஓடினால் வழியில் 1 மில்லிபார் தேயும். பாதகமில்லை.

அடுப்பு ஆறானால் 4 மில்லிபார் தேயும். ஓட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. பன்னிரண்டு அடுப்பை மாட்டினால் கணக்கு 16 என்று வரும். கடைசி அடுப்புக்குப் பாதி அழுத்தம்கூட மிஞ்சாது.

இப்போது முக்கால் இஞ்ச் குழாய் போடுங்கள். உள்விட்டம் 16 மில்லிமீட்டரிலிருந்து 21.6 ஆகிறது. வெறும் ஐந்தரை மில்லிமீட்டர்தான் கூடியிருக்கிறது; ஆனால் ஆறு அடுப்பும் எரியும்போது இழப்பு 4-லிருந்து 1-க்கு இறங்கிவிடும்! 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் போல் பெயரால் வழங்கும் சூத்திரம் சொல்வது இதுவே: இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். விட்டம் இரட்டித்தால் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கு, வேகம் கால்வாசி. உராய்வு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் பதினாறில் ஒரு பங்கு. அகன்ற குழாயில் சுவரை உரசிப்போகும் வாயுவின் விகிதமும் பாதியாகும். ஆக முப்பத்திரண்டில் ஒரு பங்கு. இத்தனை எளிய பெருக்கலிலிருந்து இவ்வளவு பெரிய விளைவு பிறப்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இத்தனை சின்ன அழுத்தத்துக்கு ஏன் இவ்வளவு கவலை? பக்கத்துச் சிவகாசிப் பட்டாசுக்குக் காற்று தேவையில்லை. ஆக்சிஜனை வெடியுப்பே மருந்துக்குள் வைத்திருக்கிறது. கேஸ் அப்படியல்ல. தன் கன அளவைப் போல 25 முதல் 30 மடங்கு காற்று இருந்தால்தான் முழுதாக எரியும். அதில் ஒரு பங்கை நாசில் துளையிலிருந்து பாயும் கேஸ்தான் தன் வேகத்தால் இழுத்து வர வேண்டும். அழுத்தம் தேய்ந்தால் கேஸும் குறையும், இழுவையும் தளரும்.

இராமநாதபுரம்–தூத்துக்குடி இயற்கை எரிவாயுக் குழாய், 143 கிலோமீட்டர், 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த வாயு அடுப்படிக்கு வரும்போது கணக்கை மறுபடி போட வேண்டும். சிலிண்டர் கேஸ் தரும் சூட்டை அது தர ஏறக்குறைய மூன்று மடங்கு கன அளவு வேண்டும். எடை குறைந்த வாயு என்பதால் உராய்வு அதே வீதத்தில் ஏறாது. ஆனாலும் பழைய குழாயில் இழப்பு இரண்டரை மடங்காகும். வீடுகளுக்கு அது வரும் அழுத்தமோ 21 மில்லிபார்தான். நாசில் துளையையும் பெரிதாக்கியாக வேண்டும்.